பைக் சத்தம் கேட்டதும்...

மாலை 7 மணி. தெருமுனையில் பைக் சத்தம் கேட்கிறது. அதுவரை சோபாவில் காலை நீட்டிக்கொண்டு டி.வி. பார்த்த பையன், ரிமோட்டை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுக்கிறான். சமையலறையில் அம்மாவின் காது வாசல் பக்கம் திரும்புகிறது. கேட்டைச் சாத்தும் ஓசை, செருப்பைக் கழற்றும் வேகம்... இதை வைத்தே இருவரும் மனசுக்குள் கணக்குப் போடுகிறார்கள். 'அப்பா இன்னிக்கு எப்படி?'

இத்தனைக்கும் அவர் மோசமான மனிதர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். நேற்று கண்ணாடி டம்ளர் உடைந்தபோது, "போனாப் போகுது, காலைப் பார்த்து வைடா" என்றார். போன வாரம் கொஞ்சம் தண்ணீர் சிந்தியதற்கே வீடு அதிர்ந்தது. எந்தத் தப்புக்கு எந்த அப்பா வருவார் என்று யாருக்கும் தெரியாது. சிக்கலே அதுதான்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 45 பேர் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடினார்கள். திரையில் தெரியும் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா, இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி ஒரு ஷாக். உடம்பில் வியர்ப்பதையும், கண்ணின் பாப்பா விரிவதையும் வைத்து அவர்களுடைய பதற்றத்தை அளந்தார்கள்.

'நிச்சயம் ஷாக் அடிக்கும்' என்று தெரிந்தபோது பதற்றம் குறைவாகவே இருந்தது. 'அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம்' என்று பாதிக்குப் பாதி இருந்தபோதுதான் அது உச்சத்துக்குப் போனது!

திட்டு நிச்சயம் என்றால் மனசு அதற்குத் தயாராகிவிடும். 'விழுமோ, விழாதோ' என்ற நிலையில்தான் அது தவிக்கும். தினமும் மாலையில் அந்தப் பையன் அனுபவிப்பது இந்தத் தவிப்பைத்தான். அப்பா சிரித்துக்கொண்டே வரும் நாளிலும் அவனுக்கு அது உண்டு.

மனிதர்கள் மெஷின் இல்லை. ஆபீஸ் டென்ஷன், டிராஃபிக், தலைவலி எல்லாம் இருக்கும். தினமும் ஒரே மாதிரி இருக்கச் சொல்லி வீட்டில் யாரும் கேட்கவில்லை. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் போதும். "இன்னிக்கு வேலையில கொஞ்சம் பிரச்னை. பத்து நிமிஷம் தனியா இருந்துட்டு வரேன். உங்க மேல கோபம் இல்ல." பதற்றத்தில் பாதி அங்கேயே வடிந்துவிடும். அதேபோல, ஒரு தப்புக்கு நேற்று என்ன பதிலோ, இன்றும் அதே பதில் என்று இருந்தால் பிள்ளைகளுக்கு எல்லை புரியும்.

அதற்காக ஆச்சரியமே கூடாது என்பதில்லை. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளின் மூளையை ஆராய்ந்தார். எதிர்பாராமல் ஜூஸ் கிடைத்தபோது டோபமைன் செல்கள் துள்ளின. ஜூஸ் வரப்போவதை முன்பே ஓர் அடையாளம் காட்டிப் பழக்கியபின், ஜூஸ் வந்த நேரத்தில் அந்தத் துள்ளல் இல்லை. சொல்லாமல் வாங்கி வரும் சூடான பக்கோடாவுக்குத் தனி ருசி இருப்பதும் இதனால்தான்.

ஆக, கோபம் வருகிற மாதிரி இருந்தால் முன்பே சொல்லிவிடலாம். பக்கோடாவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிச் சில வாரங்கள் போனால், பைக் சத்தம் கேட்டதும் அந்தப் பையன் புத்தகத்தைத் தேட மாட்டான். வாசலுக்கு ஓடுவான்.