விசாரணை நாள் கடைக்காரருக்குத் தெரிய வேண்டாமா?

வரி கட்டமாட்டோம் என்று வணிகர்கள் என்றும் சொன்னதில்லை. போட்ட வரி சரிதானா என்று விசாரிக்கும் நாளை முன்கூட்டிச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

2022 ஏப்ரலில் வந்த சொத்து வரி உயர்வை நாம் மறக்கவில்லை. நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம், தொழிற்சாலைகளுக்கு 75 சதவீதம் என்று அரசு அறிவித்தது. அரையாண்டுக்கு 1,200 ரூபாய் கட்டிய கடைக்கு 2,400 ரூபாய் என்று கணக்கு. ஆட்சேபணை இருந்தால் 30 நாட்களுக்குள் தெரிவிக்கலாம் என்று உள்ளாட்சிகள் பத்திரிகைகளில் அறிவிப்புக் கொடுத்தன. விடிவதற்குள் கடை திறந்து, இரவு பத்து மணிக்குக் கல்லாவைப் பூட்டும் மளிகைக்காரர்களில் எத்தனை பேர் கண்ணில் அது பட்டிருக்கும்?

வரி விகிதம் அரசு முடிவு செய்வது. ஆனால் ஒரு கடைக்கு வரி போடும்போது நேரும் தவறு வேறு. சதுர அடி கூடுதலாக எழுதப்படலாம். மாடியில் குடியிருக்கும் வீடும் கடைக் கணக்கில் சேரலாம். இவற்றைத் திருத்தத்தான் மனுவும், மேல்முறையீடும், உள்ளாட்சி மன்றங்களில் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழுவும் இருக்கின்றன. விசாரணைத் தேதியே தெரியாவிட்டால் இவற்றால் என்ன பயன்?

இதில் இன்னொரு சிக்கல். திருவள்ளூர் பஜாரானாலும் கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியானாலும் நம்மில் பலர் வாடகைக் கடைக்காரர்கள். நோட்டீஸ் கட்டட உரிமையாளர் பெயருக்குப் போகிறது; சுமை வாடகையோடு சேர்ந்து நம் தலையில் இறங்குகிறது.

நாம் கேட்பது சலுகை அல்ல. 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமே, பொதுச் சீராய்வு முடிந்ததும் பொது அறிவிப்புக் கொடுத்து மறுபரிசீலனை மனுக்களைப் பெற வேண்டும் என்றது. 2023 ஏப்ரல் 13 முதல் அதன் இடத்தில் 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறையில் உள்ளது. சட்டம் மாறலாம், நியாயம் மாறாது. திருவிதாங்கூர்-கொச்சி நிலவரிச் சட்டம் செல்லாது என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரி செலுத்துவோருக்கு நோட்டீஸ் கொடுக்கவும், அவர் தரப்பைக் கேட்கவும் அதில் வழி இல்லை என்பது அத்தீர்ப்பின் முக்கியமான காரணங்களுள் ஒன்று.

ஆகவே உள்ளாட்சி நிர்வாகங்களுக்கு நம் கோரிக்கை இது. விசாரணைப் பட்டியலை, கதவு எண்ணும் நேரமும் குறித்து, குறைந்தது 15 நாட்களுக்கு முன் அலுவலகப் பலகையிலும் பஜாரிலும் ஒட்டுங்கள். ஒரு பிரதியை வணிகர் சங்கத்துக்கு அனுப்புங்கள். மனுதாரரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். வரி பாக்கிக்குக் குறுஞ்செய்தி அனுப்ப முடியும்போது, விசாரணைக்கு அனுப்ப முடியாதா?

நம் பங்கும் உண்டு. நோட்டீஸ் வந்த அன்றே அதில் உள்ள சதுர அடியையும் பயன்பாட்டையும் சரிபாருங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் உரிமையாளரிடம் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மனுவை எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். வாயால் சொன்னது விசாரணையில் நிற்காது.

கடன் கொடுத்தவன்கூட நாள் சொல்லிவிட்டுத்தான் வசூலுக்கு வருகிறான். நாம் தேர்ந்தெடுத்த மன்றம் அந்த மரியாதையையாவது நமக்குத் தர வேண்டும்.