ஞாயித்துக்கிழமை சைக்கிளும் ஷிப்ட் முடிஞ்ச சைக்கிளும்

1/
"திருப்பூர் பக்கம் சைக்கிள் ஓட்ட நல்ல ரூட் எதுங்க டாக்டர்?" போன வாரம் மட்டும் ஏழெட்டு பேர் இன்பாக்ஸ்ல கேட்டிருந்தீங்க. நான் ஞாயித்துக்கிழமை போடுற போட்டோக்கள்தான் காரணம்னு தெரியும். ரூட் சொல்றேன். அதோட சேர்த்து வேறொரு விஷயமும் சொல்லணும், அதைப் படிக்காம ரூட்டை மட்டும் எடுத்துட்டுப் போயிடாதீங்க. கொஞ்சம் நீளமான பதிவு. டீயோட உட்காருங்க.

2/
முதல்ல என் கதை. மூணு வருஷம் முன்னாடி சும்மா ஒரு நாள் லேப்ல என் ரத்தத்தையே கொடுத்துப் பார்த்தேன். வெறும் வயித்துல சர்க்கரை 118. அப்போ எனக்கு வயசு 33. 100லிருந்து 125 வரை இருந்தா சர்க்கரை நோய்க்கு முந்தைய படி. நைட் டூட்டி, நாளுக்கு அஞ்சு டீ, ராத்திரி பரோட்டா. ஓபியில தினமும் நூறு பேருக்கு "நடங்க, நடங்க"ன்னு சொல்ற வாய், ஆனா கால் நடக்கல.

2023ல வந்த ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி இந்தியாவுல சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேர். தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல நூத்துக்கு 14 பேருக்கு மேல. நானும் அந்த வரிசையில நிக்கப் போறேன்னு தெரிஞ்ச அன்னைக்குத்தான் பழைய கியர் சைக்கிள் ஒண்ணு வாங்கினேன்.

3/
உலக சுகாதார நிறுவனம் கேக்கறது வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி. பிரிட்டனில் 2 லட்சத்து 63 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனிச்ச ஆய்வு 2017ல பிஎம்ஜே இதழில் வந்தது. வேலைக்கு சைக்கிள்ல போறவங்க மத்தியில, உடம்பை அசைக்காம போறவங்களை விட, இறப்பு 41 சதவீதம் குறைவு. சைக்கிள் மட்டுமே காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, அவங்க வேற விதத்துலயும் ஆரோக்கியமானவங்களா இருக்கலாம். ஆனா முட்டி தேயாம, மூச்சு வாங்கற அளவுக்கு உடம்பை அசைக்க இதை விட மலிவான வழி எனக்குத் தெரியல.

4/
சரி, ரூட்டுக்கு வருவோம். சென்னைக்காரங்களுக்கு ஈசிஆர் இருக்கு, கடல் காத்து இருக்கு. கடலே இல்லாத நமக்கு என்ன இருக்குன்னு கேக்கறவங்களுக்கு:

முதல் தடவை ஓட்டறவங்களுக்கு நஞ்சராயன் குளம். டவுனிலிருந்து ஊத்துக்குளி ரோட்டுல பத்து கிலோமீட்டருக்குள்ள. தமிழ்நாட்டோட 17வது பறவைகள் சரணாலயம், 2024ல ராம்சர் பட்டியல்லயும் சேர்ந்துடுச்சு. மார்கழி, தையில விடியக்காலம் போனா வலசை வந்த பறவைங்களைப் பார்க்கலாம். இன்னும் தெம்பு இருந்தா ஊத்துக்குளி கதித்தமலை வரைக்கும் மிதிங்க.

5/
ரெண்டாவது, எனக்கு ரொம்பப் பிடிச்சது, காங்கேயம் பக்கம். படியூர், சிவன்மலை தாண்டிப் போனா ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கொறங்காடு. கிளுவை வேலி, நடுவுல வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல்லு, மேயற காங்கேயம் மாடு. காங்கேயம் நெருங்கும்போது தேங்காய்க் களத்துல காயற கொப்பரை வாசம். படியூர் சாதாரண ஊர் இல்லைங்க. ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி நொய்யல் கரை கொடுமணல்ல பட்டை தீட்டின பெரில் கல்லு இங்கிருந்து போனதுதான்னு தொல்லியல் அறிஞர்கள் சொல்றாங்க.

மூணாவது, உடுமலையிலிருந்து திருமூர்த்திமலை. இருபது கிலோமீட்டர் பக்கம். தென்னந்தோப்பு, பிஏபி வாய்க்கால், எதிர்ல மலை. அமராவதி அணை வரைக்கும் கூடப் போகலாம். ஆனா மூணாறு ரோட்டுல வனத்துறை செக்போஸ்ட் தாண்டி சைக்கிள்ல போகாதீங்க. யானை நடமாடற இடம்.

6/
காத்து பத்தி ஒரு வார்த்தை. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற மேக்கத்திக் காத்துக்காகத்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பூரா காத்தாடி நட்டு வச்சிருக்காங்க. ஆனி, ஆடியில காங்கேயத்துக்குப் போறப்போ பறந்து போவீங்க, "அட, நமக்கு இவ்வளவு தெம்பா"ன்னு தோணும். திரும்பும்போது முகத்துல அறையற காத்துல ஒவ்வொரு கிலோமீட்டரும் ரெண்டாத் தெரியும். அதனால அந்த மாசங்கள்ல முதல்ல மேக்கால போங்க. வரும்போது காத்தே தள்ளிட்டு வந்துடும்.

7/
காங்கேயம் ரூட்டுல ஒரு டீக்கடை. அங்க ஒரு பெரியவர் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டுக் கேட்டார்: "ஏனுங் தம்பி, என்ன வேலைங்க?" டாக்டர்னு சொன்னேன். நம்பல. "டாக்டருங்கறீங்க, ஒரு பைக்கு வாங்கக் கூடாதுங்களா?"

எல்லாரும் சிரிச்சோம். ஆனா அவர் சொன்னதுல அவர் தலைமுறையே இருக்கு. சைக்கிள்னா இல்லாதவன் வண்டி, அதை விட்டுட்டு டிவிஎஸ் எக்ஸெல் ஏறினாத்தான் முன்னேற்றம். இப்போ நம்ம ரோட்டுல ரெண்டு வகை சைக்கிள்தான் மிச்சம். ஆசைக்கு ஓட்டற என் சைக்கிள் ஒண்ணு, வேற வழியில்லாம ஓட்டறவங்க சைக்கிள் இன்னொண்ணு.

8/
இப்போ அந்த ரெண்டாவது சைக்கிள் கதை. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். எந்த ரோடுன்னும் சொல்லல.)

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ரைடு போயிட்டு ஒரு போட்டோ போட்டேன். வளைவு, புளியமரம், பனி. நல்ல லைக்ஸ். மறுநாள் எனக்கு நைட் டூட்டி. பத்து மணிக்கு 108ல ஒரு பையன் வந்தான். 24 வயசு, ஒடிசா. பனியன் கம்பெனியில ஓவர்லாக் டெய்லர். ஒன்றரை ஷிப்ட் முடிச்சு ரூமுக்குப் போயிட்டிருந்திருக்கான். பின்னாடி லாரி ஹாரன். ஒதுங்கியிருக்கான். தாருக்கும் மண்ணுக்கும் நடுவுல அரை அடிப் பள்ளம். முன் சக்கரம் இறங்கி, ஹேண்டில் திரும்பி, ஆள் ரோட்டுலயே விழுந்துட்டான். பின்னாடி வந்த பைக் கை மேல ஏறிடுச்சு.

எந்த இடம்னு கேட்டேன். நான் போட்டோ எடுத்த அதே வளைவு.

9/
போனை எடுத்து அந்தப் போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தேன். மூலையில அந்தப் பள்ளம் தெளிவாத் தெரியுது. நான் அதைப் பார்த்துத்தான் தார் மேலயே ஓட்டினேன். என் பின்னாடி சிவப்பு லைட் மினுக்குது, தலையில ஹெல்மெட், உடம்புல பளிச்சுன்னு ஜெர்சி, நேரம் காலை ஆறு மணி. அவனுக்கு இருட்டு, கறுப்பு டி-ஷர்ட், ஆயிரத்து ஐநூறுக்கு வாங்கின பழைய சைக்கிள்.

தலையில சின்ன ரத்தக்கசிவு, ஆபரேஷன் தேவைப்படல. மேல்கை எலும்பு முறிஞ்சு, அதை ஒட்டிப் போற நரம்பு அடிபட்டதுல மணிக்கட்டு தொங்கிடுச்சு. அவன் கேட்டது ஒண்ணுதான்: "டாக்டர் சார், மெஷின் ஓட்ட முடியுமா?" இந்த நரம்பு பெரும்பாலும் திரும்பிடும், ஆனா மாசக்கணக்குல ஆகும்னு சொன்னேன். பீஸ் ரேட்ல சம்பாதிக்கிறவனுக்கு மாசக்கணக்குன்னா என்ன அர்த்தம்னு எனக்கும் தெரியும். கட்டோட ஊருக்கு ரயில் ஏறிட்டான்.

10/
"லைட் இல்லாம ஏன் போனான்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. என் பதில்: நான் ஓட்டறது எனக்குப் பிடிச்ச நேரம், பிடிச்ச ரோடு. அவனுக்கு நேரத்தை ஷிப்ட் முடிவு பண்ணுது, ரோட்டை ரூம் வாடகை முடிவு பண்ணுது.

அந்தப் பள்ளம் அவனோட தப்பும் இல்ல. பழைய ரோடு மேலயே புது ரோடு போட்டுப் போட்டுத் தார் மட்டும் உசரமாகுது. ஓரத்துல மண்ணு கொட்டி மட்டப்படுத்தாம விட்டா, மழைக்கு இன்னும் அரிச்சு படிக்கட்டு மாதிரி ஆயிடும். கார்ல போறவருக்கு அது தெரியவே தெரியாது.

11/
நாம உலகத்துக்கே டி-ஷர்ட்டும் விளையாட்டு உடையும் தைக்கிற ஊர். வெளிநாட்டு பையர் ஆடிட் வந்தா ஃபயர் எக்ஸிட் பாக்கறாங்க, தீயணைப்பு சிலிண்டர்ல தேதி பாக்கறாங்க. நல்ல விஷயம். ஆனா கேட்டைத் தாண்டி ரோட்டுல கால் வச்ச உடனே அந்தத் தொழிலாளி யார் கணக்குலயும் இல்ல.

அரசுப் பள்ளியில பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைக்கு அரசாங்கம் இலவச சைக்கிள் கொடுக்குது. அருமையான திட்டம். 1990களின் தொடக்கத்துல புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பெண்களை ஆயிரக்கணக்குல சைக்கிள் ஏத்திவிட்ட மாநிலம் இது. ஆனா சைக்கிளைக் கொடுத்தா மட்டும் போதுமா? அது உருளறதுக்கு ரோட்டுல மூணு அடி வேண்டாமா?

12/
"இதெல்லாம் ஐரோப்பாவுக்குத்தான் சரி"ன்னு சொல்லாதீங்க. சைக்கிள் நாடுன்னு நாம புகழற நெதர்லாந்துல 1971ல ஒரே வருஷம் 3,000 பேருக்கு மேல ரோட்டுல செத்தாங்க. அதுல 400க்கு மேல குழந்தைங்க. பெத்தவங்க ரோட்டுக்கு வந்து போராடினாங்க, அதுக்கப்புறம்தான் தனிப்பாதை வந்துச்சு. நம்ம தமிழ்நாட்டுல 2022ல மட்டும் சாலை விபத்துல இறந்தவங்க 17,884 பேர். நாம இன்னும் விதின்னு சொல்லிட்டிருக்கோம்.

13/
என்ன செய்யலாம்?

கம்பெனி வச்சிருக்கவங்க: சைக்கிள்ல வர்ற ஒவ்வொருத்தருக்கும் பின்பக்க சிவப்பு லைட், மினுங்கற ஸ்டிக்கர் டேப் வாங்கிக் கொடுங்க. தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் செலவு கூட ஆகாது.

சைக்கிள் ஓட்டறவங்க: ஹெல்மெட் போடுங்க. தலைக்காயம் தீவிரமாகற வாய்ப்பைப் பாதிக்கு மேல குறைக்குது. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கறவங்க பாக்கெட்ல ரெண்டு மிட்டாய் வைங்க. பாதம் மரத்திருந்தா செருப்போட மிதிக்காதீங்க, ஷூ போடுங்க. நெஞ்சு வலி, படபடப்பு இருந்தா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க.

விபத்தைப் பாக்கறவங்க: வீடியோ எடுக்காம 108க்கு அடிங்க. "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு, நிர்ணயிச்ச தொகை வரைக்கும் அரசே பணம் கொடுக்குது. பட்டியல்ல இருக்கற தனியார் ஆஸ்பத்திரியிலயும் செல்லும். ஒடிசாவோ பீகாரோ, எந்த மாநிலத்துக்காரரா இருந்தாலும் சரி.

14/
கடைசியா, ஞாயித்துக்கிழமை ரைடர்ஸுக்கு. நாம சொன்னா கேக்க நாலு பேர் இருக்காங்க. நமக்கு இங்கிலீஷ் வருது, போன் இருக்கு, நேரம் இருக்கு. அந்தப் பையனுக்கு மனு எழுதத் தமிழ் கூடத் தெரியாது.

அடுத்த ரைடுல குளத்தையும் மாட்டையும் தாராளமா போட்டோ எடுங்க. கூடவே ரோட்டோரப் பள்ளத்தையும் ஒண்ணு எடுங்க. ஊர் பேரு, கிலோமீட்டர் கல்லுல இருக்கற நம்பர் போட்டு கீழ கமெண்ட்ல போடுங்க. நான் தொகுத்து எழுதறேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு நாள். நைட் டூட்டி இல்லாத ஒரு திங்கட்கிழமை நானே கொண்டு போய்க் கொடுக்கறேன். கூட வர்றவங்க சொல்லுங்க.

என் போட்டோவும் அந்த வளைவும்தான் முதல் கமெண்ட்.