தாய் தகப்பனைக் கனம்பண்ணு, சரி. யார், எப்படி?

ஞாயிற்றுக்கிழமை பூசையோ, லயத்துக் காம்பராவில் நடக்கிற ஜெபக்கூட்டமோ, இளைஞர்களைக் கண்டால் பிரசங்கம் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: தாய் தகப்பனைக் கனம்பண்ணு. எதிர்த்துப் பேசாதே. சொன்ன இடத்தில் கல்யாணம் கட்டு. கொழும்புக்குப் போனால் மாசாமாசம் காசு அனுப்பு. நாங்களும் தலையாட்டிவிட்டு வருவோம்.

இனி ஆட்ட முடியாது. ஏனென்றால் அந்தக் கட்டளையில் பாதியைத்தான் எங்களுக்குச் சொல்கிறார்கள்.

யாத்திராகமம் 20:12ஐ முழுசா வாசித்துப் பாருங்கள். அது பெற்றோரோடு முடிவதில்லை, நிலத்தில் போய் முடிகிறது. கடவுள் தரும் நாட்டில் நீண்ட காலம் வாழ்வதற்காக என்று காரணமும் சொல்கிறது. எகிப்தில் அடிமைகளாகச் செங்கல் அறுத்த சனத்துக்குச் சொன்ன வார்த்தை அது. உழைக்க முடியாமல் போன கிழவனையும் கிழவியையும் பார்வோன் மாதிரி நடத்தாதே என்றுதான் நாங்கள் அதை வாசிக்கிறோம்.

எங்கள் தாத்தா பாட்டிக்கு யார் நிலம் கொடுத்தது? 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. தகப்பன் அந்தக் கரை, மகள் இந்தக் கரை என்று குடும்பங்கள் பிரிந்தன. அந்த இரண்டு அரசுகளுக்கும் யாராவது இந்தக் கட்டளையை வாசித்துக் காட்டினார்களா? 2023இல் மலையகம் 200 என்று நடந்தோம், பேசினோம். லயத்தில் இருப்பவர்கள் கையில் காணி உறுதி இன்னும் இல்லை.

மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இயேசு இதே கட்டளையை எடுத்துத்தான் பரிசேயரோடு மோதுகிறார். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்கான காணிக்கை என்று சொல்லிக் கைகழுவியவர்களை ஏசுகிறார். அவர் பார்வையில் கனம்பண்ணுவது வாயை மூடிக்கொண்டிருப்பது இல்லை. சாப்பாடு, மருந்து, காசு. சின்னப்பிள்ளைகளை மிரட்ட அவர் அதைப் பயன்படுத்தவில்லை, பெரியவர்களைத்தான் கேள்வி கேட்டார்.

எல்லாக் குருமாரும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. 1972இல் கண்டியில் சத்யோதயத்தைத் தொடங்கிய யேசுசபைக் குரு போல் காஸ்பர்ஸ் தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காகவே உழைத்தவர். அந்தக் குரல் ஏன் இன்று பீடத்தில் கேட்பதில்லை என்பதுதான் எங்கள் கேள்வி.

கணக்கு ஒன்று பார்ப்போம். 1983இன் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, குறைந்தது ஐந்து வருஷம் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம், வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். 30 வருஷம் கொழுந்தெடுத்த ஓர் அம்மாவுக்கு, 2024 செப்டம்பரில் நிர்ணயித்த 1350 ரூபாய்ப்படி 567,000 ரூபாய். அரச தோட்டங்களில் இந்தச் சேவைக்காலப் பணமும் சேமலாப நிதியும் நிலுவையில் கிடந்தது பாராளுமன்றத்திலேயே பேசப்பட்ட விஷயம். கொர்பான் என்றால் இதுதான். தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைப் பிடித்து வைத்திருப்பவர்களை விட்டுவிட்டு, மகள் திருப்பிப் பேசினாள் என்று பிரசங்கம் எதற்கு?

பீடத்தை ஏசிவிட்டு நாமும் தப்ப முடியாது. கேம்பஸ் வந்த முதல் வாரம், 'அம்மா என்ன செய்றாங்க?' என்று யாராவது கேட்டால் 'வீட்லதான் இருக்காங்க' என்று சொன்னவர்கள் நம்மிலும் உண்டு. விடியக்காலை பிரட்டுக்குப் போய், அட்டைக்கடியோடு மலை ஏறி, கிலோ குறைந்ததால் அரைப்பேர் வாங்கி வந்த காசில்தான் நாம் பஸ் ஏறினோம். அதை மறைத்துவிட்டு அன்னையர் தினத்துக்கு ஸ்டேட்டஸ் போடுவதைக் கனம்பண்ணுவது என்று சொல்ல முடியுமா?

கீழ்ப்படிவது வேறு, கனம்பண்ணுவது வேறு. படிப்பை நிறுத்தச் சொன்னால் 'ஏலாது' என்று சொல்லலாம். அம்மா கூடை சுமந்ததே நாம் சுமக்கக் கூடாது என்றுதானே.

அதனால் இந்த லீவுக்கு வீட்டுக்குப் போனால் ஒரு வேலை செய்வோம். அம்மாவின் சேமலாப நிதிக் கூற்றை எடுத்துப் பார்ப்போம். அடையாள அட்டையிலும் அதிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா, எத்தனை வருஷம் பதிந்திருக்கிறது என்று சரிபார்ப்போம். பிழை இருந்தால் தொழில் காரியாலயத்துக்கு நாமே கடிதம் எழுதுவோம். பக்கத்துக் காம்பரா ஆச்சிக்கும் சேர்த்து எழுதுவோம்.

அடுத்த ஞாயிறு சுவாமி திரும்பவும் அதே பிரசங்கத்தைத் தொடங்கினால், அந்தக் கடிதத்தின் பிரதியை அவரிடமும் கொடுப்போம். அவரும் ஒரு கையெழுத்துப் போடட்டும்.