புல்லட்டும் புஷ்பக்கும்

பழைய புல்லட் ஓட்டறவங்ககிட்ட ஒரு கேள்வி கட்டாயம் வரும். "அப்படி என்ன சார் இருக்கு இதுல? ஸ்பீடும் போகாது, ஆயில் ஒழுகும், மழை பேஞ்சா மொறண்டு பிடிக்கும். எதுக்கு இதைக் கட்டிக்கிட்டு அழறீங்க?" கேக்கறவர் சொல்றதுல பாதிக்கு மேல உண்மைங்கறதால பதில் சொல்றது கஷ்டம் :-)

பழைய ரெண்டு சீட் விமானம் ஓட்டறவங்களையும் உலகம் பூரா இதே கேள்விதான் கேட்டுக்கிட்டு இருக்கு. டிக்கெட் எடுத்தா ஒரு மணி நேரத்துல பெங்களூர் போயிடலாம், எதுக்கு இந்தத் தகர டப்பாவுல காத்தடிக்க உட்கார்ந்து போகணும்னு.

ரெண்டு கேள்விக்கும் என்கிட்ட ஒரே பதில்தான். அது வேகமும் இல்ல, மலரும் நினைவுகளும் இல்ல. கவனம். பழைய மெஷின் நம்ம முழு கவனத்தையும் கேக்கும். அதைக் குடுக்கறதுலதான் அந்த சந்தோஷமே இருக்கு. இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லிட்டு, நம்ம வடசென்னைப் பசங்களைப் பத்தி மனசுல ரொம்ப நாளா இருக்கற ஒரு ஆதங்கத்தையும் கொட்டிடறேன்.

முதல்ல ஊர்ப்பெருமை. அது இல்லாம எப்படி? திருவொற்றியூர்க்காரனுக்கு புல்லட் வெளியூர் வண்டி கிடையாது. 1955ல இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்ட் கம்பெனியும் நம்ம மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கினாங்க. ஆரம்பத்துல பாகம் பாகமா கப்பல்ல வந்து இங்க கோத்தாங்க. போகப்போக எல்லாமே இங்கயே செய்ய ஆரம்பிச்சாங்க. 1970 வாக்குல இங்கிலாந்துல தாய்க் கம்பெனியையே மூடிட்டாங்க. ஆனா திருவொற்றியூர் மூடல. 1977ல நம்ம ஊர்ல செஞ்ச புல்லட் அதே இங்கிலாந்துக்கு ஏற்றுமதி ஆச்சு. அப்புறம் 1994ல கம்பெனி ஐஷர் கைக்குப் போனது, 2013ல ஒரகடம், 2017ல வல்லம் வடகால்னு உற்பத்தி தெற்கே நகர்ந்தது எல்லாம் தெரிஞ்ச கதை. இருந்தாலும் தெருவுக்குத் தெரு "எங்க அப்பா என்ஃபீல்டுல இருந்தாரு"ன்னு சொல்ற ஆளுங்க இங்க இன்னும் இருக்காங்க.

சரி, மேட்டருக்கு வருவோம்.

பழைய இரும்பு இன்ஜின் புல்லட் 346 சிசி. பிஸ்டனோட விட்டம் 70 மி.மீ., அது மேலயும் கீழயும் போய்வர தூரம் 90 மி.மீ. அந்த நீண்ட ஸ்ட்ரோக்கும், கூடவே சுத்தற கனமான ஃப்ளைவீலும் சேர்ந்துதான் அந்த நிதானமான 'டப்... டப்... டப்'. இதை ஸ்டார்ட் பண்றது ஒரு சடங்கு. சாவியைத் திருப்பிட்டு, கிக்கரை மெதுவா அமுக்கிக்கிட்டே அம்மீட்டர் முள்ளைப் பாக்கணும். ஒரு பக்கம் சாஞ்சிருந்த முள்ளு ஒரு இடத்துல நடுவுக்கு வரும். அங்க நிறுத்தணும். டிகம்ப்ரஸர் லீவரைப் பிடிச்சு, கிக்கரை இன்னும் துளி இறக்கி, லீவரை விட்டுட்டு, கிக்கரை மேல வரவிட்டு, அப்புறம் ஒரே மிதி. இடம் தெரியாம மிதிச்சா திருப்பி அடிக்கும். பழைய புல்லட் மெக்கானிக் யாரையாவது பேண்ட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க, முழங்காலுக்குக் கீழ சரித்திரம் எழுதியிருக்கும்.

இப்போ டைகர் மாத் விமானத்தைப் பாருங்க. 1931ல முதல்ல பறந்தது. நம்ம விமானப்படைக்காரங்க ஒரு தலைமுறையே இதுலதான் பறக்கக் கத்துக்கிட்டாங்க. 130 குதிரைசக்தி, மேல மூடி கிடையாது, செல்ஃப் ஸ்டார்ட்டும் கிடையாது. ஒருத்தர் முன்னாடி நின்னு புரொப்பல்லரைக் கையால சுத்தணும். ஸ்விட்ச் ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னு உள்ள இருக்கறவரும் வெளிய நிக்கறவரும் ஒருத்தருக்கொருத்தர் உரக்கச் சொல்லி உறுதி பண்ணிக்கணும். அம்மீட்டர் முள்ளுக்கு பதிலா அங்க மனுஷக் குரல், அவ்ளோதான் வித்தியாசம். இங்க தப்பினா கால் போகும், அங்க தப்பினா கையோ தலையோ போகும். இப்படிப்பட்ட ஒரு டைகர் மாத்தை நம்ம விமானப்படை திரும்பச் சரி பண்ணி 2012 விமானப்படை தினத்துல பறக்கவிட்டுச்சு. காட்சிக் கூடத்துல நிறுத்தி வைக்காம பறக்கவிட்டதுக்காகவே அவங்களுக்கு ஒரு சல்யூட்.

எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. லைசென்ஸும் இல்ல, அதுக்கான வசதியும் இல்ல. ஆனா இருபது வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை புஷ்பக் விமானத்துல பக்கத்து சீட்ல உட்கார்ந்து போற பாக்கியம் கிடைச்சுது. புஷ்பக் நம்ம பெங்களூர் ஹெச்.ஏ.எல். செஞ்ச விமானம். 1958ல முதல்ல பறந்தது, 90 குதிரைசக்தி, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சீட். நாட்டுல இருந்த பல ஃப்ளையிங் கிளப்புகள்ல பசங்க கத்துக்கிட்டது இதுலதான்.

அன்னிக்கு வானத்துல இருந்தது இருபது நிமிஷம் இருக்கும். தரையில இருந்ததும் அதே அளவு நேரம்! விமானி அந்த விமானத்தை ஒரு சுத்து சுத்தி வந்தார். இறக்கை மேல போர்த்தியிருந்த துணியைத் தடவிப் பாத்தார். ஒவ்வொரு கீலையும் ஆட்டிப் பாத்தார். டேங்க் அடியிலருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில பிடிச்சு, தண்ணி கலந்திருக்கான்னு வெயில்ல தூக்கிப் பாத்தார். ஓடுறதுக்கு முன்னாடி ரெண்டு மேக்னெட்டோவையும் தனித்தனியா ஓட்டிப் பாத்தார். கையில ஒரு அட்டை. பல ஆயிரம் தடவை பண்ணின வேலையா இருந்தாலும் அட்டையைப் பாத்துத்தான் பண்ணினார்.

மேல போனதும் ஒண்ணு புரிஞ்சுது. கார் திரும்பினா நம்மை வெளிப்பக்கம் தள்ளும். விமானமும் பைக்கும் சாஞ்சு திரும்பும். நாமும் அதோட சேர்ந்து சாய்வோம், உடம்பு சீட்டோட ஒட்டிக்கும். அந்த ஒரு விஷயத்துல ரெண்டும் கூடப்பிறந்த பிறப்பு. இன்னொண்ணு சத்தம். மூக்கைத் தூக்கினா காத்து இரைச்சல் குறையும், இறக்கினா கூடும். மீட்டரைப் பாக்கறதுக்கு முன்னாடி காது வேகத்தைச் சொல்லிடும். புல்லட்ல டேப்பட் சத்தத்தை வெச்சு இன்ஜின் நிலைமையைச் சொல்றோம் இல்லையா, அதே கதைதான்.

1932 அக்டோபர் 15ம் தேதி ஜே.ஆர்.டி. டாடா ஒரு குட்டி புஸ் மாத் விமானத்துல கராச்சியிலருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு வந்தார். அங்கேருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியா மெட்ராஸ் வரைக்கும் கொண்டு வந்து சேர்த்தார். 1982ல, அதோட 50வது ஆண்டுல, 78 வயசுல ஜே.ஆர்.டி. மறுபடியும் கராச்சியிலருந்து பம்பாய்க்குத் தனியா பறந்தார், பழைய லெப்பர்ட் மாத்ல. ஏர் இந்தியாவையே உருவாக்கினவர். நினைச்சா ஜம்போ ஜெட்ல முதல் சீட்ல உட்கார்ந்து வந்திருக்கலாமே? கவனம் குடுத்து ஓட்டறதோட ருசி தெரிஞ்சவங்களுக்கு இது ஏன்னு தனியா சொல்ல வேண்டாம்.

நிற்க. இனிமேதான் ஆதங்கம்.

1930கள்ல ஹென்றி மின்யேங்கற ஃப்ரெஞ்சுக்காரர், தச்சு வேலை கொஞ்சம் தெரிஞ்ச யாரும் வீட்லயே செஞ்சுக்கற மாதிரி ஒரு குட்டி விமானத்தை வடிவமைச்சார். இங்கிலீஷ்ல அதுக்கு 'ஃப்ளையிங் ஃப்ளீ'ன்னு பேர், பறக்கும் தெள்ளுப்பூச்சி. சாமானியன் பறக்கலாம்னு ஐரோப்பா பூரா பைத்தியமா கட்டினாங்க. அப்புறம் ஒண்ணு ஒண்ணா விழ ஆரம்பிச்சுது. ஆளுங்க செத்தாங்க. "அவன் விதி"ன்னு விட்டாங்களா? இல்ல. 1936 வாக்குல முழு விமானத்தையே காத்துச் சுரங்கத்துல வெச்சு சோதிச்சாங்க. மூக்கு ஓரளவுக்கு மேல கவுந்துட்டா, முன்னாடி பின்னாடி இருக்கற ரெண்டு இறக்கையும் ஒண்ணையொண்ணு பாதிச்சு, திரும்பத் தூக்கவே விடாதுன்னு கண்டுபிடிச்சாங்க. பறக்கத் தடை போட்டாங்க. மின்யேவும் வடிவத்தை மாத்தினார்.

அதே பேர்ல ஒரு பைக்கும் உண்டு. ரெண்டாம் உலகப் போர்ல பாராசூட் படைக்காக ராயல் என்ஃபீல்ட் செஞ்ச 125 சிசி வண்டி, 60 கிலோ கிட்டத்தான் எடை, கூண்டுல வெச்சு விமானத்துலருந்து போடுவாங்க. 2024ல கம்பெனி தன்னோட எலெக்ட்ரிக் வண்டிகளுக்கு அதே பேரைத்தான் வெச்சிருக்கு. பேரை எடுத்துக்கிட்டாச்சு. அந்தப் பேரோட இன்னொரு பாடத்தை நாம எடுத்துக்கலையேன்னுதான் என் வருத்தம்.

ஏன்னா விமானம் விழுந்தா விசாரணை, பைக் விழுந்தா விதி. நம்ம ஊர்ல இதுதான் நடக்குது.

சில வருஷம் முன்னாடி எங்க தெருப் பையன் ஒருத்தன் எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேல ட்ரெய்லர் லாரிக்கு அடியில போயிட்டான். 19 வயசு. போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல கிடந்த அவன் வண்டியை நான் போய்ப் பாத்தேன். பின்னாடி டயர் மொட்டை. முன் பிரேக் பேட்ல ஒண்ணுமே இல்ல, இரும்பு தெரிஞ்சுது. செயின் தொங்கிக்கிட்டு இருந்துது. அதுதான் காரணமான்னு நான் சொல்ல முடியாது. ஆனா அந்தக் கேள்வியை யாருமே கேக்கல. பதினாறாம் நாள் காரியத்துல எல்லாரும் சொன்னது, "எழுதினது அவ்ளோதான்." வண்டி காயலான் கடைக்குப் போயிடுச்சு.

2022ல நாடு முழுக்க சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர்னு மத்திய அரசோட அறிக்கை சொல்லுது. அதுல 44.5 சதவீதம் ரெண்டு சக்கர வண்டியில போனவங்க. இத்தனை பேர் விமானத்துல செத்திருந்தா ஒரு விமானத்தையாவது தரையை விட்டு எழும்ப விடுவாங்களா?

பொழுதுபோக்குக்கு விமானம் ஓட்டற லைசென்ஸுக்கே நம்ம நாட்டுல குறைஞ்சது 40 மணி நேரம் பறந்திருக்கணும். அதுலயும் பாதி நேரம் பக்கத்துல வாத்தியார். ஒவ்வொரு நிமிஷமும் லாக்புக்குல ஏறும். பைக்குக்கு? ஒரு 8 போட்டா போதும். அந்த 8ஐப் போட்டுட்டு நேரா கன்டெய்னர் லாரிக்கு நடுவுல போறான் பையன். மணலி ரோட்லயும் எண்ணூர் ரோட்லயும் ஓட்டிப் பாத்தவங்களுக்குத் தெரியும், ட்ரெய்லர்காரருக்கு நம்ம தலை தெரியாத இடம் எவ்ளோ பெருசுன்னு. கடல்காத்து பிரேக் கேபிளை எவ்ளோ சீக்கிரம் அரிக்கும்னு காசிமேட்டுக்காரங்களைக் கேளுங்க. மத்த ஊர்க்காரனை விட ரெண்டு மடங்கு கவனம் தேவைப்படற இடம் இது.

"பசங்க வேகமாப் போறாங்க, போலீஸ் பிடிக்கணும்"னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. பிடிக்கட்டும், வேண்டாம்னு சொல்லல. ஆனா வேகத்துக்கு ஒரு இடம் நம்ம பக்கத்துலயே இருந்துச்சு. செங்குன்றம் தாண்டி சோழவரம். ரெண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம். போர் முடிஞ்சப்புறம், 1950கள்ல ஆரம்பிச்சு பல வருஷம் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கதான் கார் ரேஸும் பைக் ரேஸும் நடத்தினாங்க. விமானம் ஓடின தளத்துல புல்லட் ஓடுச்சு! 1990ல இருங்காட்டுக்கோட்டையில முறையான டிராக் வந்துச்சு, நல்ல விஷயம். ஆனா அது ஸ்ரீபெரும்புதூர் பக்கம். தண்டையார்பேட்டைப் பையனுக்கு அது வேற மாவட்டம் மட்டுமில்ல, வேற உலகம்.

வடசென்னையில பாக்ஸிங்குக்கு வாத்தியார் இருக்கார். ஃபுட்பாலுக்கு கோச் இருக்கார். கேரம் போர்டுக்குக் கூட மன்றம் இருக்கு. அடிக்கத் தெரிஞ்சவனை அடக்கவும் கத்துக்குடுக்கற ஊரு இது. பைக்குக்கு மட்டும் ஏன் வாத்தியார் இல்ல? ஞாயித்துக்கிழமை காலியாக் கிடக்கற ஒரு கன்டெய்னர் யார்டு போதும். நாலு கூம்பு, ரெண்டு பழைய வண்டி, ரிட்டயர் ஆன ஒரு டெஸ்ட் ரைடர். பிரேக் எப்படிப் பிடிக்கறது, மழையில எப்படித் திரும்பறது, எப்ப வண்டியை எடுக்காம வீட்ல இருக்கறதுன்னு சொல்லிக் குடுத்தா போதும். அந்தக் கடைசி விஷயத்தை விமானிகளுக்கு முதல்லயே சொல்லிக் குடுப்பாங்க. இத்தனை ஆலை இருக்கற பகுதியில இதுக்கு ஒரு ஸ்பான்சர் கிடைக்காதா என்ன?

"பறக்கறது காசுக்காரன் விளையாட்டு, அதை ஏன் நமக்குச் சொல்றீங்க"ன்னு கேக்கலாம். விமானத்துக்குத்தான் காசு வேணும். அந்த அட்டைக்கு வேண்டாம். பழைய மெஷின்காரன் வேற வழியில்லாம கவனமா இருக்கான், இல்லன்னா அது ஸ்டார்ட்டே ஆகாது. புது வண்டி பட்டனைத் தொட்டா கிளம்பிடுது, நாம கவனிக்கலைன்னாலும் ஒண்ணும் சொல்றதில்ல. ஆபத்தே அதுலதான் இருக்கு.

நாளைக்குக் காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்தி வந்து பாருங்க. டயர், பிரேக், செயின், கேபிள், லைட்டு. மூணு நிமிஷம் ஆகும். வீட்ல பையன் இருந்தா அவனையும் கூப்பிட்டு அவன் வண்டியைச் சுத்தி வரச் சொல்லுங்க. புஷ்பக்குக்குக் கிடைச்ச மரியாதை பல்சருக்கும் கிடைக்கட்டும்.