படச்சுருளின் இழப்புக் கணக்கு

உதகமண்டலத்தில் மத்திய அரசுக்குச் சொந்தமாக இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை ஏன் மூடப்பட்டது என்று கேட்டால், படித்தவர்கள் பலரும் தயங்காமல் தரும் விடை, 'டிஜிட்டல் கேமரா வந்துவிட்டது' என்பதே. கேட்பதற்குப் பொருத்தமாகவும் எவர் மீதும் பழி சுமத்தாததாகவும் இருப்பதால் அந்த விடை நிலைபெற்றுவிட்டது. ஆனால், ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது அது பொருந்தி வரவில்லை.

அந்நிறுவனம் 1960-இல் தொடங்கப்பட்டது. பிரான்ஸ் நாட்டின் பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைப் பெற்று, 1967-இல் உற்பத்தி தொடங்கியது. பிலிம் தயாரிப்புக்குத் தூசியற்ற காற்றும் குளிர்ந்த தட்பவெப்பமும் வேண்டும் என்பதால் உதகை தேர்ந்தெடுக்கப்பட்டது. 'இந்து' என்ற வணிகப் பெயரில் கருப்பு - வெள்ளைப் படச்சுருள்களும், பிரிண்ட் போடும் தாள்களும், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்-ரே பிலிமும் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. அந்நியச் செலாவணி அரிதாக இருந்த காலத்தில், பிலிம் போன்ற நுட்பமான பொருளை இறக்குமதி செய்யாமல் இங்கேயே தயாரிப்பது என்ற முடிவைப் பிழையென்று கூற இயலாது. உலகில் பிலிம் தயாரிக்கத் தெரிந்த நாடுகள் அப்போதும் மிகச் சிலவே.

பின்னர், பாலியெஸ்டர் அடித்தளம் கொண்ட எக்ஸ்-ரே பிலிம் தயாரிக்கப் பெருந்தொகையைக் கடனாகப் பெற்று ஒரு புதிய திட்டம் மேற்கொள்ளப்பட்டது. 1991-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ரூபாயின் மதிப்பு இரு தவணைகளாகக் குறைக்கப்பட்டது. வெளிநாட்டு இயந்திரங்களையும் மூலப்பொருள்களையும் நம்பியிருந்த திட்டங்களின் செலவு ஒரே வாரத்தில் உயர்ந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் இறக்குமதித் தீர்வைகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டபோது, உலகச் சந்தையின் பெரு நிறுவனங்களோடு உதகை ஆலை நேருக்கு நேர் நின்றது. ஒருபுறம் செலவு கூடியது. மறுபுறம் விற்பனை விலை இறங்கியது. வட்டி, அசலைத் தாண்டி வளரத் தொடங்கியது. 1990-களின் நடுப்பகுதியிலேயே ஆலை, தொழில் மற்றும் நிதிச் சீரமைப்பு வாரியத்தின் முன் நலிவுற்ற நிறுவனமாக நின்றது.

அந்நாளில் தமிழ்நாட்டில் டிஜிட்டல் கேமராவைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர்? கலர் லேப்கள் தெருவுக்குத் தெரு திறக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. உலக அளவில் கலர் பிலிம் விற்பனை உச்சத்தைத் தொட்டதே 2000-ஆம் ஆண்டை ஒட்டித்தான். பிலிமுக்கு நல்ல காலம் நடந்துகொண்டிருந்தபோதே நமது பிலிம் ஆலை வீழ்ந்துவிட்டது. டிஜிட்டல், அதன் மீட்சிக்கு இருந்த வாய்ப்பை அடைத்தது என்பது உண்மை. அதனை வீழ்த்தியது டிஜிட்டல் அன்று.

வீழ்ந்த பிறகு நடந்தது இன்னும் வருந்தத்தக்கது. ஆலையை மூடலாம் என்று சீரமைப்பு வாரியம் 2003-இல் பரிந்துரைத்தது. தொழிலாளர்களுக்கான விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு ஏறத்தாழ 181 கோடி ரூபாயை மத்திய அமைச்சரவை ஒதுக்கியது 2014-இல். இடையில் 11 ஆண்டுகள். ஓய்வுத் தொகையைக் கணக்கிட 2007-ஆம் ஆண்டின் ஊதிய விகிதத்தைக் கற்பிதமாக எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, அத்தொழிலாளர்களின் ஊதியம் எவ்வளவு காலம் உறைந்து கிடந்தது என்பது விளங்கும். நடத்தவும் மனமில்லை, மூடவும் துணிவில்லை என்கிற நிலைக்குப் பொருளியலில் தனிப்பெயர் கிடையாது. ஆனால், அதற்கான விலையை யாரோ ஒருவர் நாள்தோறும் செலுத்திக்கொண்டுதான் இருக்கிறார்.

வேறு வழி இருந்ததா என்ற கேள்வி எழும். ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் அதற்கு ஒரு விடை. பிலிம் என்பது வெறும் படச்சுருள் அன்று. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பரப்பின் மேல், மயிரிழையினும் மெல்லிய வேதிப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகின்றிப் பூசும் கலை. ஜெலட்டின், அதாவது கொலாஜன் புரதம், அதன் முக்கிய மூலப்பொருள். நிறம் மங்காதிருக்க ஆக்சிகரணத்தைத் தடுக்கும் வேதியியலும் வேண்டும். படச்சுருள் விற்காமல் போனாலும் இந்த அறிவு விற்கும் என்று ஃபியூஜி கண்டுகொண்டது. எல்.சி.டி. திரைகளுக்கான பாதுகாப்புப் படலம், தோல் பராமரிப்புப் பொருள்கள், மருந்துகள் என்று அது பிரிந்து வளர்ந்தது. டிஜிட்டல் கேமராவை 1975-இல் தன் ஆய்வகத்திலேயே உருவாக்கிய கோடாக் நிறுவனமோ, 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. கோடாக்கின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த அந்தக் கருவி, ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. ஆக, கோடாக்குக்கு வராதது தொழில்நுட்பம் அன்று. கொழுத்த லாபம் தரும் படச்சுருளைத் தன் கையாலேயே அழிக்க அதற்கு மனம் வரவில்லை.

உதகை ஆலையிலும் அந்தப் பூச்சு அறிவு இருந்தது. அதை அறிந்த பொறியாளர்களும் தொழிலாளர்களும் இருந்தார்கள். ஆனால், புதிய பொருள் ஒன்றைத் தயாரிக்க வேண்டுமானால் அமைச்சகத்தின் அனுமதியும் புதிய முதலீடும் வேண்டும். நலிவுற்ற நிறுவனம் என்ற முத்திரை விழுந்த பிறகு இரண்டும் கிட்டா. ஆலையின் இயந்திரங்களுக்கும் நிலத்துக்கும் மதிப்புப் போட்டவர்கள், அங்கிருந்த மனிதர்களின் கைத்திறனுக்கு எந்த மதிப்பும் போடவில்லை. நமது பொதுத்துறை வரலாற்றில் இது முதல் முறையும் அன்று.

இனி, உதகையிலிருந்து சமவெளிக்கு வருவோம். பேரையூர், டி.கல்லுப்பட்டி, எழுமலை, உசிலம்பட்டி போன்ற மதுரை மாவட்டத்து ஊர்களில், ஸ்டூடியோ என்பது ஒரு முழுமையான உற்பத்திக்கூடமாக இருந்தது. படம் எடுப்பது, இருட்டறையில் பிலிம் கழுவுவது, நெகட்டிவில் பென்சிலால் 'டச்சிங்' செய்வது, பிரிண்ட் போடுவது என அனைத்தும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. கருப்பு - வெள்ளை பிலிமைக் கழுவ ஏறத்தாழ 20 டிகிரி வெப்பநிலை உகந்தது. எங்கள் பகுதியின் சித்திரை வெயிலில் குழாய்த் தண்ணீரே அதைவிடச் சூடாக வரும். ஐஸ் கட்டி வாங்கி வைத்து டெவலப்பரைக் குளிரச் செய்வது இங்கே அன்றாட வேலை. ஹைப்போ கரைசலில் தங்கிவிடும் வெள்ளியைப் பிரித்தெடுக்க அதை விலைக்கு வாங்கிச் செல்வோரும் இருந்தனர். கழிவுக்கும் ஒரு சந்தை இருந்த தொழில் அது.

இந்த முழுமையை உடைத்தது டிஜிட்டல் என்றுதான் பொதுவாக எண்ணுகிறோம். என் கணிப்பில், முதல் உடைப்பு அதற்கு முன்பே, கலர் பிலிமால் நிகழ்ந்தது. கலர் பிலிமைக் கழுவ 38 டிகிரி வெப்பநிலையைச் சிறிதும் மாறாமல் காக்க வேண்டும். அதற்கு விலையுயர்ந்த இயந்திரம் வேண்டும். சிற்றூர் ஸ்டூடியோக்காரரால் அது முடியாது. திருமணம் முடிந்த மறுநாள் சுருள்களைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறி மதுரை லேபுக்குச் செல்வது அப்போது தொடங்கிய வழக்கம். இருட்டறை பூட்டப்பட்டது. அதோடு கழுவுபவர், டச்சிங் செய்பவர் ஆகியோரின் பிழைப்பும் ஊரைவிட்டுப் போயிற்று. மதிப்புக் கூட்டல் என்று நாங்கள் வகுப்பறையில் கற்பிக்கும் அந்த வருமானம், சிற்றூரிலிருந்து நகரத்துக்கு இடம்பெயர்ந்தது. டிஜிட்டல் வந்தபோது சிற்றூர்ப் புகைப்படக்காரரிடம் எஞ்சியிருந்தது கேமராவும் நெகட்டிவும் மட்டுமே.

அந்த நெகட்டிவ்தான் அவருடைய சொத்து. அது ஸ்டூடியோவில் இருக்கும்வரை வாடிக்கையாளர் திரும்பி வந்தே ஆக வேண்டும். வேலைக்கு விண்ணப்பம் போட மூன்று பிரதிகள் வேண்டும் என்று வருவார்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டால், என்றோ எடுத்த திருமணக் குழுப்படத்தின் நெகட்டிவைத் தேடி, அதிலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கி மாலை போடுவதற்கான படமாக்கித் தரும்படி வருவார்கள். ஒருமுறை செய்த உழைப்பு பல ஆண்டுகள் சிறு சிறு வருவாயைத் தந்தது. கோப்பு கைப்பேசிக்குள் சென்றதும் அந்த வருவாய் நின்றது. 2010 முதல் ஆதார் பதிவில் மையத்திலேயே முகம் பதியப்பட்டது. அதன்பின் இணைய விண்ணப்பங்கள் பெருகின. பாஸ்போர்ட் அளவுப் படத்தின் தேவையும் சுருங்கியது.

தொழில் அழிந்துவிட்டது என்று நான் கூற மாட்டேன். முகூர்த்த நாளில் எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் நான்கு கேமராக்களும் தலைக்கு மேல் ஒரு ட்ரோனும் சுற்றுகின்றன. மாறியிருப்பது செலவின் அமைப்பு. படச்சுருள் காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு செலவு உண்டு. சுருளுக்கு 36 படங்கள், அவ்வளவுதான். ஆனால், நல்ல கேமரா ஒன்று 20 ஆண்டுகள் உழைக்கும். இன்று ஒரு படம் கூடுதலாக எடுக்கச் செலவே இல்லை. மாறாக, கேமராவும் கணினியும் சில ஆண்டுகளில் பழையதாகிவிடுகின்றன. இறுதிநிலைச் செலவு பூஜ்யமாகி, நிலையான செலவு உயர்ந்துவிட்டால், தொழிலில் இருப்பவர்கள் கட்டணத்தைக் குறைத்து ஒருவரையொருவர் வீழ்த்துவார்கள் என்பது பாடநூல் முடிவு. கடன் வாங்கிக் கேமரா வாங்கிய எங்கள் ஊர் இளைஞர்கள், மாதத் தவணை கட்டுவதற்காகவே நஷ்டத்துக்குத் திருமண ஆர்டர் எடுப்பதை நான் காண்கிறேன். பாடநூலைப் படிக்காமலேயே அவர்கள் அதை மெய்ப்பிக்கிறார்கள்.

நுகர்வோரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது அளப்பரிய ஆதாயம். கூகுள் நிறுவனத்தின் தலைமைப் பொருளியலாளராக இருந்த ஹால் வேரியன் ஒரு மதிப்பீட்டை முன்வைத்தார்: 2000-ஆம் ஆண்டில் உலகில் எடுக்கப்பட்ட படங்கள் 8,000 கோடி, 2015-இல் 1.6 லட்சம் கோடி. முன்பு ஒவ்வொரு படத்துக்கும் பிலிம், கழுவுதல், பிரிண்ட் எனக் கொடுத்த பணம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேர்ந்தது. இப்போது 20 மடங்கு படங்கள் கிடைத்தும் கணக்கில் அது இறக்கமாகவே தெரிகிறது. தன் குழந்தையின் முதல் பத்து ஆண்டுகளில் இரண்டே படங்கள் எடுக்க முடிந்த பேரையூர் விவசாயக் கூலியின் குடும்பத்தில், இன்று பேத்திக்கு ஆயிரம் படங்கள் இருக்கின்றன. இதனை எந்தத் தேசியக் கணக்கும் காட்டுவதில்லை. படச்சுருளை எண்ணி ஏங்குபவர்கள் (அவர்களில் பெரும்பாலோர் அந்நாளிலும் கேமரா வாங்க முடிந்தவர்களே) இதை மறந்துவிடக் கூடாது.

ஆனால், கணக்கில் வராத ஓர் இழப்பும் நடந்துகொண்டிருக்கிறது. ஸ்டூடியோக்கள் மூடப்படும்போது, அங்கே பெட்டி பெட்டியாகக் கிடக்கும் நெகட்டிவ்களுக்கு என்ன நேர்கிறது? அரை நூற்றாண்டுக் காலத்தின் திருமணங்கள், காதணி விழாக்கள், பள்ளிக் குழுப்படங்கள், ஊர்த் திருவிழாக்கள் அவற்றில் உள்ளன. வசதி படைத்தோரின் வரலாறு எழுத்தில் இருக்கும். எளியோருக்கு முகம் இருப்பதே இந்தப் பெட்டிகளில்தான். அசிடேட் பிலிம், வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து காடி நாற்றம் வீசத் தொடங்கும், சுருங்கும், பின்னர் படலம் உரியும். தொடங்கிய சிதைவை நிறுத்த இயலாது, குளிரூட்டித் தாமதப்படுத்த மட்டுமே முடியும். பழைய பிலிமில் உள்ள வெள்ளிக்காக அவற்றை விலைக்கு வாங்கிக் கரைப்பதும் உண்டு. இதே அலட்சியத்தால் நமது திரைப்பட வரலாற்றின் தொடக்கத்தை இழந்திருக்கிறோம். நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' படத்துக்கோ, 1931-இல் வெளிவந்த முதல் தமிழ் பேசும் படமான 'காளிதாஸ்' படத்துக்கோ இன்று ஒரு பிரதிகூடக் கிடையாது.

முயற்சிகள் இல்லாமல் இல்லை. பாண்டிச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு, தமிழகத்து ஸ்டூடியோ புகைப்படங்களைத் தேடித் தொகுத்து டிஜிட்டல் வடிவில் காத்து வருகிறது. நமது சிற்றூர்களின் முகங்களைக் காப்பதற்கு லண்டனிலிருந்து நிதி வர வேண்டியிருக்கிறது என்பது நமக்குப் பெருமை சேர்ப்பதன்று.

இதில் சட்டச் சிக்கலும் ஒன்று உண்டு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, கட்டணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர், வேறு உடன்பாடு இல்லாதவரை, பணம் கொடுத்தவரே. நெகட்டிவ் என்ற பொருளோ ஸ்டூடியோக்காரரின் அலமாரியில். எனவே அவர் விரும்பினாலும் அதைப் பொது ஆவணமாக வெளியிடத் தயங்குவார். ஆவணக் காப்பகத்துக்கு அளிக்கும் படங்களுக்கு மட்டுமாவது இதில் ஒரு தெளிவை அரசு ஏற்படுத்தித் தரலாம்.

மாநில அரசு செய்யக்கூடியது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. மாவட்டத்துக்கு ஒரு குளிரூட்டப்பட்ட அறை, ஒரு தரமான ஸ்கேனர், இரண்டு பணியாளர்கள். மதுரையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது, வரலாற்றுத் துறைகள் கொண்ட கல்லூரிகள் இருக்கின்றன. மூடப்படும் ஸ்டூடியோக்களின் நெகட்டிவ்களுக்கு, வெள்ளிக்காக வாங்குபவர் கொடுப்பதைவிடச் சற்றுக் கூடுதலாக ஒரு தொகை அறிவித்தால் போதும், பெட்டிகள் தாமாகவே வந்து சேரும். அந்தப் படங்களில் இருப்பவர் இன்னார் என்று சொல்லத் தெரிந்த பழைய ஸ்டூடியோக்காரர்கள் பலரும் இப்போது எழுபதைக் கடந்தவர்கள். ஸ்கேனரைப் பின்னர் வாங்கிக்கொள்ளலாம்; அவர்களிடம் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையை இந்தக் கல்வியாண்டிலேயே கல்லூரி மாணவர்களிடம் ஒப்படைக்கலாம்.