மாஸ்க் வாங்குங்கள்... சிலிண்டரை மறந்துவிடுங்கள்!

‘என் மகன் அந்தமானுக்குப் போய் நாலு நாள் ஸ்கூபா டைவிங் கோர்ஸ் முடித்துவிட்டு வந்திருக்கிறான். இப்போது எல்லாக் கருவிகளையும் சொந்தமாக வாங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். கடையில் எழுதிக் கொடுத்த பட்டியல் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. இவ்வளவும் அவசியம்தானா?’ என்று மதுரை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

பட்டியலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் அம்மா. முதலில் மகனிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எந்தக் கடலில் இறங்கப் போகிறான்? எவ்வளவு ஆழம் போவான்? வருஷத்துக்கு எத்தனை தடவை போவான்? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் கருவி வாங்குவது, எந்த ஊர் என்று முடிவு செய்யாமல் பெட்டி கட்டுகிற மாதிரி.

பெரும்பாலும் பதில் இப்படித்தான் இருக்கும்: அடிப்படை கோர்ஸ் முடித்ததால் 18 மீட்டர் ஆழம் வரை போகலாம். வருஷத்துக்கு ஒரு முறை அந்தமான், நடுவில் புதுச்சேரியிலோ கோவளத்திலோ ஓரிரு வார இறுதிகள். அப்படியானால் அந்தப் பட்டியலில் முக்கால்வாசியை அடித்துவிடலாம். டைவ் சென்டர்கள் வாங்கும் கட்டணத்திலேயே பெரும்பாலும் கருவிகளின் வாடகையும் அடங்கிவிடுகிறது.

சிலிண்டரை யாரும் சொந்தமாகத் தூக்கிக்கொண்டு அலைவதில்லை. நிரப்பிய சிலிண்டரை விமானத்தில் ஏற்றவும் முடியாது. செய்திகளில் அதை ‘ஆக்சிஜன் சிலிண்டர்’ என்றே எழுதுகிறார்கள். உள்ளே இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான், அழுத்தி அடைத்தது. சுத்தமான ஆக்சிஜனோடு ஆழத்துக்குப் போனால் அதுவே விஷமாகி வலிப்பு வந்துவிடும்.

சரி, எதை வாங்கலாம்? முதலில் மாஸ்க். ஒவ்வொருவர் முகமும் ஒரு தினுசு என்பதால் வாடகை மாஸ்க் எல்லோருக்கும் பொருந்தாது. கடையில் வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் லேசாக வைத்து, மூக்கால் மெதுவாக மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டி நின்றால் அது அவன் முகத்துக்கானது. சில ஆயிரம் ரூபாயில் நல்ல மாஸ்க் கிடைக்கும். மீசைக்காரர்களுக்கு மூக்கின் கீழ் தண்ணீர் கசியும்; மேல் விளிம்பில் ஒரு கோடு அளவுக்கு மழித்தால் போதும், மொத்த மீசையையும் தியாகம் செய்ய வேண்டாம். கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் லென்ஸ் பொருத்திய மாஸ்க்கும் இருக்கிறது.

நீச்சல் குளத்துக் கண்ணாடி உதவாது. ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும், மாஸ்க்குக்குள் இருக்கும் காற்று சுருங்கும். அப்போது மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்றை உள்ளே விட்டுச் சமன் செய்ய வேண்டும். மூக்கை மூடாத கண்ணாடியில் அது முடியாது, கண்ணைப் பிடித்து இழுக்கும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே, முகம் முழுக்க மூடும் மாஸ்க், அது மேலே மிதந்து வேடிக்கை பார்ப்பதற்கு மட்டும்தான்.

இரண்டாவதாக நான் சொல்வது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர். பார்க்க வாட்ச் மாதிரி இருக்கும். ஆழத்தில் சுவாசிக்கும்போது காற்றில் உள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேருகிறது. அதிக நேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி அது குமிழியாக வெளிவரும். மூட்டு வலியில் தொடங்கி பக்கவாதம் வரை போகலாம். இந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம், மேலே ஏறும் வேகம் சரியா என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லும்.

இதையும் வாடகைக்கு எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கலாம். ஆனால் காலையில் ஒன்று, மதியம் வேறொன்று என்று மாறினால், காலையில் உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் மதியக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. புதிதாக இறங்குகிறவர் என்று நினைத்துத் தாராளமாக நேரம் கொடுக்கும். கணவன் மனைவி இரண்டு பேருக்கும் ஒன்று போதும் என்பதும் தப்புக் கணக்கு. ஒருவர் இரண்டு மீட்டர் கீழே போனாலே கணக்கு வேறு. சாதாரண மாடல் போதும். பெரிய எழுத்தும், பேட்டரி மாற்றும் வசதியும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்து உடை. அந்தமான் தண்ணீர் 28 டிகிரி வாக்கில் இருக்கும், குளிராதே என்று தோன்றும். தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சிவிடும். ஒரு மணி நேரத்தில் பல் கிட்டிக்கும். நம் பக்கத்துக் கடல்களுக்கு 3 மில்லிமீட்டர் வெட்சூட் போதும். ஒல்லியான பிள்ளைகளும், ஒரு வாரம் தினமும் மூன்று நாலு தடவை இறங்குகிறவர்களும் 5 மில்லிமீட்டர் எடுக்கலாம். தடிமன் கூடினால் மிதப்பும் கூடும், இடுப்பில் ஈயக்கட்டியும் கூட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் தண்ணீர் 2 முதல் 4 டிகிரிதான். அங்கே உடம்பு நனையாத டிரைசூட் வேண்டும். சாதாரண ரெகுலேட்டர் அந்தக் குளிரில் உறைந்து திறந்துகொள்ளலாம் என்பதால் அதற்கும் தனி வகை உண்டு.

காலில் மாட்டும் ஃபின்ஸில் ரொம்ப யோசிக்க வேண்டாம். படகிலிருந்தே குதிப்பதானால் செருப்பு மாதிரி நேராக மாட்டுவது போதும். பாறையும் சிப்பியும் கிடக்கிற கரையிலிருந்து நடந்து இறங்குவதானால், காலணி போட்டு அதன்மேல் மாட்டும் வகை.

பணத்தை விழுங்குவது ரெகுலேட்டரும், காற்றை நிரப்பியும் வெளியேற்றியும் மிதப்பைச் சரிசெய்யும் பி.சி.டி. ஜாக்கெட்டும்தான். வருஷத்துக்கு இருபது தடவைக்கு மேல் இறங்குகிறவர் வாங்கட்டும் என்பது என் கட்சி. ரெகுலேட்டர்தான் சிலிண்டரின் 200 பார் அழுத்தத்தை இரண்டு கட்டமாகக் குறைத்து வாய்க்குக் கொடுக்கிறது, மூச்சே அதில்தான். அதனால் விலைக்கு முன்னால், அந்த பிராண்டைப் பிரித்து சர்வீஸ் செய்ய நம் ஊரில் ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். கம்பெனி சொன்ன காலத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை, சர்வீஸ் செய்தாக வேண்டும். பரணில் வைத்து மூன்று வருஷம் கழித்து எடுக்கிற பொருள் இல்லை. போகிற இடத்து சிலிண்டர் வாய், கொக்கி மாட்டும் ‘யோக்’ வகையா, திருகும் ‘டின்’ வகையா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கோவளம், புதுச்சேரிப் பக்கம் இறங்குகிறவருக்குக் கடைப் பட்டியலில் அநேகமாக இல்லாத இரண்டு சின்னப் பொருள்களை நான் சேர்ப்பேன். ஒன்று, வலை அறுக்கும் சிறிய கட்டர். அறுந்துபோன மீன் வலை கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும், கலங்கல் நாளில் காலில் சுற்றினால் பதற்றமாகிவிடும். இன்னொன்று, தண்ணீருக்கு அடியிலிருந்தே ஊதி மேலே அனுப்பும் ஆரஞ்சு நிறக் குழாய்ப் பலூன். ‘இங்கே ஆள் இருக்கிறது’ என்று போகிற வருகிற விசைப்படகுக்குக் காட்டும். இரண்டும் சேர்ந்து மாஸ்க் விலைகூட வராது.

ஒருவேளை மகன், ‘மட்டக்களப்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் ஹெர்மீஸ் கப்பலைப் பார்க்கப் போகிறேன்’ என்று சொன்னால் கதை வேறு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானம்தாங்கிக் கப்பல் அது, 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர்தான். அங்கே போக இரட்டை சிலிண்டர், அதைத் தாங்கும் வேறு வகை ஜாக்கெட், கூடுதல் விளக்குகள் எல்லாம் வேண்டும். அதற்கும் முன்னால் பல வருஷப் பயிற்சி வேண்டும். கருவியை மட்டும் முதலில் வாங்கி வைப்பதில் பயனில்லை.

டிக்கெட் போடும்போது ஒன்று. கடைசி டைவுக்கும் சென்னை விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விடச் சொல்லுங்கள். காலையில் கடலில் இறங்கி மதியம் விமானம் ஏறினால், மேலே அழுத்தம் குறையும்போது அந்த நைட்ரஜன் தொல்லை அங்கே வந்து சேரும். கையில் கட்டிய கம்ப்யூட்டரிலேயே சின்ன விமானப் படம் தெரியும். அது மறைந்த பிறகு ஏறலாம்.