கதவு தட்டப்படும்போது

"போலீஸ் வீட்டுக்குள்ள வந்துட்டா நாம என்னங்க பண்ண முடியும்?" கொல்லிமலையில் மாணவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் எங்களிடம் கேட்கப்படும் கேள்வி இது.

2018 ஆகஸ்ட் 28. பீமா கோரேகான் வழக்கைக் காட்டி, தலித் அறிஞர் ஆனந்த் தெல்தும்டேவின் கோவா வீட்டை, அவர் இல்லாத நேரத்தில், காவலாளியிடம் சாவி வாங்கித் திறந்து சோதனையிட்டது புனே போலீஸ். 2019 பிப்ரவரி 2 அதிகாலையில் மும்பை விமான நிலையத்தில் அவரைக் கைது செய்தது. உச்ச நீதிமன்றம் தந்த நான்கு வாரப் பாதுகாப்பு அப்போது முடிந்திருக்கவில்லை. கைது சட்டவிரோதம் என்று அன்றே புனே நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனாலும் 2020 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாளில் அவர் சரணடைய நேர்ந்தது. பிணையில் வெளிவர 2022 நவம்பர் ஆனது.

ஊரறிந்த பேராசிரியருக்கே இந்த நிலை. கொல்லிமலையைப் போலவே மலையாளி பழங்குடியினர் வாழும் தருமபுரி வாச்சாத்தியில், 1992 ஜூனில் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி நுழைந்த அரசு ஊழியர்கள் வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்களை வன்புணர்வு செய்தார்கள். 215 பேருக்குத் தண்டனை கிடைக்க 19 ஆண்டுகள் ஆயின.

சட்டம் முழுக் கேடயமல்ல. ஆனாலும் அது நம் கையில் இருக்கட்டும். சோதனை என்றால் அக்கம்பக்கத்துச் சாட்சிகள் இருவர் வேண்டும். வீடியோ பதிவு வேண்டும். எடுத்த பொருட்களின் பட்டியல் நகல் நம்மிடம் தரப்பட வேண்டும். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும்.

பக்கத்து வீட்டுக் கதவு தட்டப்பட்டால் வெளியே வந்து நிற்போம். வாச்சாத்திப் பெண்கள் பின்வாங்காமல் சாட்சி சொன்னதால்தான் அந்தத் தீர்ப்பு வந்தது.

ஜெய்பீம்!